பழவேற்காட்டுப் பாடும் பைத்தான் பட்டியலும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டையும் ஆந்திரத்தையும் ஒருங்கே தொட்டுக் கிடக்கும் பழவேற்காட்டு ஏரி, நம் நாட்டு உவர்நீர்க் காயல்களுள் இரண்டாவது பெரியது. முதலாவது ஒடிசாவிலுள்ள சிலிகா. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டைத் தீவு அதனை வங்கக் கடலினின்றும் பிரித்து நிற்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்க, பழவேற்காட்டூருக்கு அணித்தான முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகின்றது. 1613-இல் உலாந்தாக்காரர் அங்குக் கட்டிய கெல்திரியாக் கோட்டையைச் சரித்திர மாணவர் அறிவர். இக்கட்டுரை அக்கோட்டையைப் பற்றியதன்று. அக்கரையில் வாழும் மீனவர் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒரு முறையைப் பற்றியும், அம்முறையைக் கணிப்பொறியில் எழுதி வைக்கப் புகுவார் எவ்வகை அமைப்பைத் தேர்ந்து கொள்ளவேண்டும் என்பதைப் பற்றியும் சிறிது கூறுவதே ஈண்டு நம் கருத்து.

அம்முறைக்குப் 'பாடு' என்று பெயர். பாடு என்னும் சொல் இடத்தையும் உழைப்பையும் துன்பத்தையும் ஒருங்கே உணர்த்துவது. கடற்கரையில் வலையில் விழும் மீனின் அளவையும் 'மீன்பாடு' என்பர். காயலின் எல்லாப் பகுதியிலும் இறால் ஒரே அளவில் அகப்படுவதில்லை. நீர் வற்றி இறங்கும் வேளையில் முகத்துவாரத்தை நோக்கி ஓடும் ஓடைகளில், கழிகளை நட்டு வலையைக் கட்டி வைப்பார்க்கு மிகுதியாகக் கிடைக்கும். அத்தகைய இடங்களோ சில, வலையுடையாரோ பலர். வல்லான் வகுத்ததே வழி என்று விட்டுவிட்டால், முந்திச் சென்றவன் கழி நடுவான்; பிந்தி வந்தவன் அதைப் பிடுங்குவான். இதனைத் தவிர்க்கவே, இன்ன இடம் இன்ன நாளில் இன்னாருக்கு என்று சீட்டுப் போட்டும் முறை மாற்றியும் பங்கிட்டுக் கொண்டனர். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் இம்முறைக்குப் பெயர் பெற்றவர்கள். ஊரில் 'தலைக்கட்டு' எனக் கணக்கிடப்படும் குடும்பத் தலைவனுக்கே பாட்டில் உரிமை. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 1991-இல் வெளியிட்ட செபாஸ்டியன் மாத்யூ என்பாரின் ஆய்வு இவ்வேரியின் மரபுமுறைகளையே பொருளாகக் கொண்டது.

இத்தகைய ஏற்பாடு பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதன்று. கொச்சிக் காயலிலும், இலங்கையின் நீர்கொழும்பிலும் கழிவலைகளுக்கு இடம் பங்கிடும் மரபு உண்டு. துருக்கி தேசத்து அலான்யா என்னும் துறையில் நிகழ்வதை எலினார் ஆஸ்திரம் என்னும் அம்மையார் 1990-இல் எழுதிய நூலில் விரித்துரைக்கின்றார். பொதுச் சொத்துக்களைக் காக்கும் முறைகளை ஆராய்ந்ததற்காக 2009-இல் பொருளாதாரத்திற்குரிய நோபல் பரிசு பெற்றவர் அவர். அலான்யாவில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில் உரிமையுள்ள மீனவரின் பட்டியல் ஒன்றும், பெயரிடப்பட்ட மீன்பிடிக்கும் இடங்களின் பட்டியல் ஒன்றும் எழுதப்படும். சீட்டுப் போட்டு ஒவ்வொருவருக்கும் ஓரிடம் குறிப்பர். அதன்பின் நாள்தோறும் ஒவ்வொருவரும் கிழக்கே ஓரிடம் பெயர்ந்து செல்வர். ஜனவரிக்குப் பின் மேற்கே பெயர்வர். இவ்வளவே சட்டம். இதனைக் கேட்ட அளவிலேயே, கணிதம் பயின்ற மாணாக்கர் ஒருவருக்கு வகுத்தலில் எஞ்சும் மீதி நினைவுக்கு வந்திருக்கும். அதனைப் பின்னர்க் காண்போம்.

நிற்க. குப்பமொன்றில் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர், தம் ஊர்ப் பெரியோர் குறிப்புப் புத்தகத்தில் வைத்திருக்கும் பாட்டுக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்ற முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னே இரண்டு அட்டவணைகள் உள்ளன. ஒன்றில் தலைக்கட்டு எண், பெயர், தந்தை பெயர், சீட்டில் விழுந்த வரிசை ஆகியன பத்திகளாக அமைந்துள்ளன. மற்றொன்றில் நாள், பாட்டின் பெயர், தலைக்கட்டு எண், அகப்பட்ட இறால், மடவை, நண்டு ஆகியவற்றின் எடை, விலை என்பன. இவற்றை அவர் சி.எஸ்.வி. என்னும் வடிவில் சேமிக்கின்றார். ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. பத்திக்கும் பத்திக்கும் இடையே ஒரு காற்புள்ளி. இவ்வளவே அவ்வடிவத்தின் இலக்கணம். பல்லாண்டு வழக்கத்திலிருந்த இவ்விலக்கணத்தை 2005-இல் ஆர்.எஃப்.சி. 4180 என்னும் ஆவணம் எழுத்தில் வரையறுத்தது.

ஈண்டு முதலாவதாக உணர வேண்டியது ஒன்றுண்டு. நம் கண்ணுக்கு அட்டவணையாகத் தோன்றுவது கணிப்பொறிக்கு அட்டவணையன்று. நீண்டதோர் எழுத்துத் தொடர் மட்டுமே. வரி எது, பத்தி எது என்று அது தானாக அறியாது. காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டுக என்று ஆணையிட்டால் அப்படியே வெட்டும். 'இறால், நண்டு' என்று ஒரே பத்திக்குள் எழுதியிருந்த குறிப்பையும் இரண்டாக்கிவிடும். அவ்வரியில் மட்டும் எடை இருக்க வேண்டிய இடத்தில் நண்டு வந்து நிற்கும். மேற்கோட் குறிக்குள் அடங்கிய காற்புள்ளியை வெட்டாமல் விடும் அறிவுடைய கருவி பைத்தான் மொழியில் 2003 முதல் உடன்வருகின்றது. அதைக் கையாளாமல் தாமே வெட்ட முயல்வார், வலையிருக்கத் தூண்டிலைப் பின்னுவாரை ஒப்பர். இரண்டாவதாக, இவ்வாறு வெட்டிவந்த துண்டங்கள் யாவும் எழுத்துக்களே. அவற்றுள் எண் என்று எதுவும் இல்லை. 9 கிலோவும் 10 கிலோவும் எழுத்தாக ஒப்பிடப்பட்டால், முதலெழுத்தாகிய 1 என்பது 9-க்கு முந்தியதாதலின், பத்தைவிட ஒன்பதே பெரிதென்று விடை வரும். மிகுதியாகப் பிடித்தவர் யார் என்னும் வினாவுக்கு 85 கிலோ கொணர்ந்தவரை விட்டு 9 கிலோ கொணர்ந்தவரைச் சுட்டும் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் படித்தால் எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இனி, வெட்டிய துண்டங்களை எதில் இட்டுவைப்பது என்னும் வினா எழுகின்றது. பைத்தான் மொழியில் பாத்திரங்கள் பல. அவற்றுள் எளியது 'லிஸ்ட்' என்னும் பட்டியல். ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்களை வைத்து, இத்தனையாவது எது என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கும் இயல்புடையது. வரிசையே உயிராக உள்ள செய்திக்கு இதுவே உரிய பாத்திரம். சீட்டில் விழுந்த முறை அத்தகைய செய்தி. அதில் ஒருவர் பெயர் ஓரிடம் மாறினாலும் ஒரு குடும்பத்தின் ஒருநாட் பிழைப்பு மற்றொரு குடும்பத்துக்குப் போய்விடும்.

இப்பொழுது அலான்யாவின் சட்டத்தை நினைவு கூர்வோம். பன்னிரண்டு கூட்டத்தார், பன்னிரண்டு இடங்கள். ஆண்டு முழுவதற்கும் எந்நாளில் யாருக்கு எவ்விடம் என்று எழுதினால் நாலாயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் நிரம்பும். ஆனால் அவ்வட்டவணையை எழுத வேண்டுவதேயில்லை. சீட்டு வரிசையாகிய ஒரு சிறு பட்டியலும், கழிந்த நாட்களின் எண்ணிக்கையும் இருந்தாற் போதும். பட்டியல் பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்குவதால், ஆறாவதாகச் சீட்டு விழுந்தவரின் எண் 5. 37 நாட்கள் கழிந்தபின் 5-ஐயும் 37-ஐயும் கூட்ட 42. அதனைப் பன்னிரண்டால் வகுக்க மீதி 6. ஆகவே அன்று அவர்க்கு ஏழாவது இடம். விதி ஒன்றிருக்க, விதியின் விளைவுகளை எல்லாம் எழுதி வைப்பது வீண். அது மட்டுமன்று, எழுதிய நாலாயிரம் கட்டங்களுள் ஒன்று கை தவறி மாறினாலும் கண்டுபிடிப்பார் இல்லை.

கூட்டத்தார் முப்பதின்மர், இடம் பன்னிரண்டே என்றால் முப்பதால் வகுக்க வேண்டும். மீதி 0 முதல் 11 வரை வந்தவர்க்கு அன்று பாடு; மற்றையோர் கரையிலிருப்பர். மேற்கூறியவர்க்கு 36 நாள் கழிந்தபின் மீதி 11. கடைசி இடம் அவருடையது. மறுநாள் மீதி 12, அவர்க்கு ஓய்வு. ஊரார் ஒன்றிலிருந்தும் கணிப்பொறி பூச்சியத்திலிருந்தும் எண்ணுவதை மறந்து, அவர் எண்ணை 5 என்னாமல் 6 என்று கொண்டுவிட்டால், அவர்க்குரிய அந்தக் கடைசி நாளிலேயே அவர் ஓய்வெடுக்க வேண்டியவர் என்று பொறி கூறும். ஊரார் கணக்கை நம்பிச் சென்றவரும் பொறியின் கணக்கை நம்பிச் சென்றவரும் ஒரே கழியடியில் ஓடத்தோடு எதிர்ப்படுவர். நிரல் எழுதுவோர் 'ஒன்று பிசகுதல்' என்று நகையாடிப் பேசும் இப்பிழை, காயலில் நகைப்புக்குரியதன்று.

இதனோடு தொடர்புடைய மற்றொரு வினா, என் கருத்தில் இவ்விஷயம் முழுவதிலும் சுவை மிக்கது. புயல் வீசிய நாளில் ஒருவரும் ஏரியில் இறங்கவில்லை. அன்று முறை பெற்றிருந்தவர்க்கு அம்முறை கழிந்ததா, நிற்கின்றதா? கழிந்தது என்றால், நாட்காட்டியே தலைவன். மேற்கூறிய கூட்டலும் வகுத்தலும் போதும். நிற்கின்றது என்றால், நாட்காட்டி பயன்படாது. வரிசையின் தலையிலிருந்து ஒருவரை எடுத்து, அவர் வலை கட்டித் திரும்பிய பின்னரே வாலில் சேர்க்க வேண்டும். இதற்கு ஏற்றது 'டெக்' என்னும் இருமுனை வரிசை. பட்டியலின் தலையை எடுத்தால் பின்னின்ற அனைவரும் ஒவ்வோரிடம் முன்னே நகர வேண்டும். இருமுனை வரிசையிலோ ஒருவரும் நகர வேண்டுவதில்லை. முப்பது பெயருக்கு இவ்வேற்றுமை கண்ணிமைப்பொழுதினும் சிறிது. ஆனால் வேகத்தைக் கருதியன்று நான் இதனைக் கூறுவது. முதற்பாத்திரத்தைத் தேர்ந்தவர், அறிந்தோ அறியாமலோ, புயலின் நட்டம் அந்நாளைக்குரியவனையே சாரும் என்று தீர்ப்பளித்துவிட்டார். இரண்டாவதைத் தேர்ந்தவர், அந்நட்டத்தை எல்லோரும் ஒருநாள் காத்திருந்து பகிர்ந்துகொள்க என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு ஊர்ப் பஞ்சாயத்துக்கு உரியது. ஆதலின் நிரல் எழுதுமுன் அவர்களைக் கேட்பதே முறை.

பட்டியலின் குறை தேடும்போது வெளிப்படும். இன்னார் தலைக்கட்டுக்கு உரியவரா என்று கேட்டால், அது தலையிலிருந்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுக்கொண்டே செல்லும். முந்நூறு பெயருள் ஒன்றைக் காணச் சராசரியாக நூற்றைம்பது ஒப்பீடு. ஒருமுறை தேடுவதற்கு இது பொருட்டன்று. மீன்பாட்டுக் கணக்கில் இருபதினாயிரம் வரிகள் இருந்து, ஒவ்வொரு வரிக்கும் உரியவரின் பெயரைத் தேடி இணைக்க வேண்டுமாயின், முப்பது லட்சம் ஒப்பீடாகும். இங்குதான் 'டிக்ஷனரி' எனப்படும் அகராதி உதவுகின்றது. தலைக்கட்டு எண்ணைத் திறவுச்சொல்லாகவும், அக்குடும்பத்தின் செய்தியை அதன் பொருளாகவும் வைத்துவிட்டால், இருபதினாயிரம் வரிக்கும் ஏறக்குறைய இருபதினாயிரம் முறை நோக்குதலே போதும்.

அகராதி இங்ஙனம் விரைவதன் மர்மம் யாதெனின், அது தேடுவதில்லை, கணக்கிடுகின்றது. திறவுச்சொல்லின் எழுத்துக்களைக் குழைத்து ஒரு பேரெண்ணாக்கி, அதனை அறைகளின் எண்ணிக்கையோடு பொருத்தி, இன்ன அறை என்று நேரே சென்று திறக்கின்றது. இரண்டு சொற்களுக்கு ஒரே அறை நேர்ந்தால் ஒன்றை வேறோர் அறையில் இடும். அறைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பவிடாமல், வேண்டும்போது அறைகளைப் பெருக்கிக்கொள்ளும். இவ்வுபாயத்தை 1953-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பார் எழுதி வைத்தார். நம் அகராதிகள் அகரவரிசையைப் பற்றி நிற்பன. இவ்வகராதியோ அவ்வரிசையை அறியாதது. பெயர் பொருந்தவில்லை எனினும் வழக்கில் நிலைத்துவிட்டது.

அகராதியில் ஓர் ஆபத்து உண்டு. இதனை அழுத்திக் கூற விரும்புகிறேன். ஒரு திறவுச்சொல்லுக்கு ஒரு பொருளே இருக்கும். அதே சொல்லுக்கு மற்றொரு பொருளை இட்டால், முன்னது ஓசையின்றி மறையும். எச்சரிக்கையும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கில், ஒரே குப்பத்தில் ஒரே பெயருடையார் மூவர் நால்வர் இருப்பது இயல்பு. பெயரையே திறவுச்சொல்லாகக் கொண்டு முந்நூறு வரிகளைப் படித்தால், அகராதியில் இருநூற்றெண்பது குடும்பங்கள் எஞ்சலாம். மற்ற இருபது குடும்பங்களும் ஏரியில் இறங்கும் உரிமையை ஒரு நொடியில் இழந்திருக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் பட்டியல் படிக்கப்படும் வரை ஒருவரும் அறியார். இதற்குப் பரிகாரம் எளிது. படித்த வரிகளின் எண்ணிக்கையையும் அகராதியில் உள்ளவற்றின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அன்றியும், பெயரை மட்டும் கொள்ளாமல், தலைக்கட்டு எண்ணையோ, அஃது இல்லையேல் பெயர், தந்தை பெயர், தெரு ஆகிய மூன்றையும் பிணைத்த 'டியூப்பிள்' என்னும் கோவையையோ திறவுச்சொல்லாகக் கொள்ளலாம். பட்டியலைத் திறவுச்சொல்லாக அகராதி ஏற்காது; கோவையை ஏற்கும். ஏனெனின் பட்டியல் பின்னர் மாறக்கூடியது, கோவை மாறாதது. மாறும் பொருளைக் கொண்டு அறையைக் கணக்கிட்டால், மாறியபின் அறையை எங்குச் சென்று தேடுவது?

தமிழ் எழுத்தினால் வரும் தொல்லை ஒன்றையும் ஈண்டே கூறிவிடுதல் நன்று. பிறமொழி நூல்களில் இதனைக் காணுதல் அரிது. 'கொ' என்னும் எழுத்தை யூனிகோடு முறையில் இரு வகையாக எழுதலாம். ககரத்தின் பின் ஒகரக் குறியை ஒன்றாக இடுவது ஒருவகை; எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. அகராதிக்கோ இரண்டும் வேறு. ஒருவர் தட்டிய 'பொன்னன்' என்னும் பெயரை மற்றொருவர் தட்டிய 'பொன்னன்' காணாது. எல்லாப் பெயரையும் முதலில் என்.எஃப்.சி. என்னும் நியம வடிவுக்குக் கொணர்ந்துவிட்டால் இவ்வேற்றுமை நீங்கும். ஆனால் ஔகாரத்தை உரிய எழுத்தால் எழுதாமல், ஒகரமும் ளகரமும் சேர்த்து எழுதியிருந்தால் அந்நியமமும் உதவாது. கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும். பெயரின் இறுதியில் ஒட்டிக்கொண்ட வெற்றிடமும் இத்தகையதே. எக்செல் முதலிய செயலிகள் யு.டி.எஃப்.-8 வடிவில் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத குறியொன்றை வைப்பதுண்டு. அது முதற்பத்தியின் பெயரோடு ஒட்டி, 'அப்படி ஒரு பத்தியே இல்லை' என்று நிரல் மறுக்கும்படி செய்யும். அக்குறியை நீக்கிப் படிக்கும் வகை பைத்தானில் உண்டு.

ஆண்டுதோறும் தலைக்கட்டுக்கள் மாறும். மணமாகித் தனிக்குடும்பமாயினார் புதிதாகச் சேர்வர். இறந்தோரும் ஊர் பெயர்ந்தோரும் நீங்குவர். சென்ற ஆண்டுப் பட்டியலையும் இவ்வாண்டுப் பட்டியலையும் ஒப்பிட்டு, யார் புதியவர், யார் நீங்கினார் என்று அறிய 'செட்' என்னும் கணம் மிக ஏற்றது. கணிதத்தில் பயின்ற கணத்தின் சேர்ப்பு, வெட்டு, வேறுபாடு ஆகிய மூன்றையும் அஃது ஒவ்வொரு சொல்லில் செய்து முடிக்கும். இவ்வாண்டிலிருந்து சென்ற ஆண்டைக் கழித்தால் புதியவர்; சென்ற ஆண்டிலிருந்து இவ்வாண்டைக் கழித்தால் நீங்கினவர். நீங்கினவர் பட்டியலை ஊரில் படித்துக் காட்டுதல் இன்றியமையாதது. தவறி விடுபட்டவர் எவரேனும் இருப்பின் அப்பொழுதே எழுந்து பேசுவார்.

கணத்துக்கு வரிசை கிடையாது. இதனை மறந்து, பெயர்களைக் கணத்தில் இட்டு, அது வெளியிடும் முறையையே சீட்டு முறையாகக் கொள்ளக் கருதுவாரும் உளர். 2012-இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல், பெயர்களைக் குழைத்து எண்ணாக்கும் வழி ஒவ்வொரு முறை நிரல் ஓடும்போதும் வேறுபடுமாறு அமைக்கப்பட்டது. தீயோர் அறைகளை முன்கூட்டி அறிந்து மொழியை முடக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆகவே காலையில் ஓடவிட்டால் ஒரு வரிசை, மாலையில் வேறு வரிசை. சீட்டுப் போடுதல் வேறு, வரிசை குலைதல் வேறு. குலைந்த வரிசை ஒவ்வொருவர்க்கும் சமவாய்ப்பு அளித்தது என்பதற்கு உறுதி யாதும் இல்லை. பட்டியலைக் கலைத்துத் தருவதற்கென்றே தனிக்கருவி உண்டு. ஆயினும், என்னைக் கேட்டால், சீட்டை மட்டும் பொறியிடம் விடாமல், பழையபடி எல்லோர் கண்முன்னும் எடுத்து, வந்த முறையைப் பட்டியலில் எழுதுவதே தக்கது என்பேன். பானைக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்த சிறுவனைச் சந்தேகிப்பார் இல்லை. மூடிய அறையில் பொறியைத் தட்டிய இளைஞரை யாரும் சந்தேகிக்கலாம். அகராதியோ, 2018-இல் வந்த 3.7-ஆம் பதிப்பு முதல், இட்ட வரிசையையே காக்கும் என்று உறுதி கூறப்பட்டுள்ளது.

இனி மீன்பாட்டுக் கணக்குக்கு வருவோம். இங்கு வினாக்கள் வேறு. எந்தப் பாட்டில் எந்த மாதத்தில் எவ்வளவு இறால் விழுந்தது? முறை மாற்றி இடம் கொடுப்பது எல்லோர்க்கும் சமமாகுக என்பதற்காகவே. முகத்துவாரம் மணலால் தூர்ந்து நீரோட்டம் மாறினால், முன்னே செழித்த இடம் பின்னே வறண்டு போகலாம். அப்பொழுது முறை சமமாயிருந்தும் பங்கு சமமாயிராது. அதனைக் காட்டக்கூடியது இக்கணக்கே. ஒவ்வொரு வரியையும் ஓர் அகராதியாகப் படித்து, அவ்வகராதிகளைப் பட்டியலாக வைப்பது ஒரு முறை. பத்தியின் பெயரைச் சொல்லியே எடையை எடுக்கலாமாதலால், ஐந்தாவது பத்தியா ஆறாவது பத்தியா என்று எண்ணி மயங்க வேண்டுவதில்லை. பத்திகளின் இடம் மாறினாலும் நிரல் பிழையாது. சில ஆயிரம் வரிகளுக்கு இதனினும் நல்ல முறை வேண்டா.

வரிகள் பல லட்சமாயின், அதே பத்திப் பெயர்களை ஒவ்வொரு வரிக்கும் சுமக்கும் அகராதிகள் நினைவகத்தை விழுங்கும். அப்பொழுது வரிவரியாக வைப்பதை விட்டுப் பத்திபத்தியாக வைத்தல் நன்று. எடைகள் யாவும் ஒருபுறம், விலைகள் யாவும் ஒருபுறம் நெருங்கி நிற்க, ஒவ்வோர் எண்ணும் எட்டு பைட்டு இடத்தில் அடங்கிவிடும். வெஸ் மெக்கின்னி என்பார் 2008-இல் தொடங்கிய 'பாண்டாஸ்' நூலகத்தின் 'டேட்டாஃப்ரேம்' இவ்வாறு அமைந்ததே. பாடு வாரியாகவும் மாத வாரியாகவும் தொகுத்துக் கூட்டுதலை அஃது ஓரடியில் முடிக்கும். ஆனால் வரிசை முறையைப் புரட்டிக்கொண்டே இருக்கும் பாட்டுச் சீட்டுக்கு அது பொருந்தாது. கத்தரிக்காய் நறுக்க அரிவாளை எடுத்தது போலாகும்.

பாண்டாஸைக் கையாள்வோர் இரண்டு இடங்களில் விழிப்பாயிருத்தல் வேண்டும். அது தலைக்கட்டு எண்ணாகிய 007-ஐப் படித்தவுடன், கேளாமலே அதனை 7 என்னும் எண்ணாக்கிவிடும். அப்பத்தியில் ஒரு கட்டம் வெறுமையாயிருந்தாலோ 7.0 என்று தசமமாக்கிவிடும். பின்னர் மற்றைக் கோப்பிலுள்ள 007 இதனோடு பொருந்தாது. அப்பத்தியை எழுத்தாகவே படிக்குமாறு முன்னரே ஆணையிடல் வேண்டும். மற்றொன்று இதனினும் நுண்ணியது. எடையின் கட்டம் வெறுமையாயிருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். வலை கட்டியும் ஒன்றும் அகப்படவில்லை என்பது ஒன்று. அன்று வலையே கட்டவில்லை என்பது மற்றொன்று. முன்னது பூச்சியம், பின்னது பூச்சியமன்று, இன்மை. பாண்டாஸ் வெற்றுக் கட்டங்களை விட்டுவிட்டே சராசரி காணும். வெறுங்கையோடு திரும்பிய நாட்களை எல்லாம் எழுதுவோர் சலிப்பால் வெறுமையாக விட்டிருந்தால், பத்து நாட்களில் நான்கு நாட்கள் மட்டும் 15 கிலோ கிடைத்த பாடு நாளொன்றுக்கு 15 கிலோ தரும் பாடாகத் தோன்றும். உண்மையில் அது தந்தது நாளொன்றுக்கு 6 கிலோவே. அப்பாட்டைப் பெற்றவர்க்கு வேறு சலுகை எதற்கு என்று ஊர் கேட்கும்.

இவ்வளவும் கூறியபின், பாத்திரமே வேண்டாத இடமும் உண்டு என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் மொத்த எடை மட்டுமே வேண்டுமாயின், கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்ற வேண்டுவதில்லை. ஒரு வரியைப் படித்து, அதன் எடையை அப்பாட்டுக்குரிய அறையில் கூட்டி, வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம். வற்றும் நீரில் கட்டிய கழிவலையும் இதனையே செய்கின்றது. காயல் முழுவதும் அதன் வழியே கடந்து போகின்றது, வலையில் தங்குவது இறால் மட்டுமே. பத்தாண்டுக் கணக்காயினும் நூறாண்டுக் கணக்காயினும் அறைகளின் எண்ணிக்கை பாடுகளின் எண்ணிக்கையைக் கடவாது.

கோப்பின் பத்திகளை வகுக்கும்போதே தீர்மானமாகிவிடும் செய்திகளும் சில. பழவேற்காட்டில் வலையும் ஓடமும் இன்றிச் சேற்றில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும் ஏனாதியரும் உண்டு; அவர்களுள் பெண்டிர் பலர். பாட்டில் உரிமையற்ற பிற குப்பத்தாரும் உண்டு. அவர்களுக்கும் பாட்டுக்குரியோர்க்கும் இடையே வழக்குகள் எழுந்ததும் உண்டு. திறவுச்சொல் தலைக்கட்டு எண்ணேயாயின், இவர்கள் பிடித்ததற்கு அகராதியில் அறை இல்லை. ஏரியின் மொத்த மீன்பாடு என்று அக்கோப்பினின்றும் கூட்டிச் சொல்லும் எண் ஏரியின் எண்ணாகாது, பாட்டின் எண்ணே ஆகும். மீன்பாட்டுக் கோப்பில் பிடித்தவர் வகை என்று ஒரு பத்தியைத் தனியே சேர்த்து, தலைக்கட்டு எண்ணை இல்லாதார்க்கு இல்லையென்றே எழுதிவிட்டால் இக்குறை நீங்கும். செலவு ஒரு காற்புள்ளி.

நம் இளைஞர் இறுதியில் எழுதவேண்டிய கோப்பு பழையதன்மேல் எழுதப்படாமல், ஆண்டின் பெயரோடு புதியதாக இருத்தல் வேண்டும். வழக்கு நேர்ந்தால் பழையதைக் காட்ட வேண்டிவரும். கரையில் ஒட்டுதற்கென்று அச்சிடும் தாளில் நாள், பாடு, பெயர், தந்தை பெயர் என்னும் நான்கு பத்திகளே போதும். நாள் வாரியாக ஒரு தாளும் பெயர் வாரியாக ஒரு தாளும் அச்சிட்டால், இன்று யாருக்கு என்று கேட்பவரும் எனக்கு என்று என்று கேட்பவரும் ஒருவரையொருவர் தள்ளாமல் படிக்கலாம். எழுத்துக்கள் பெரியனவாக இருக்கட்டும். விடியுமுன் கைவிளக்கின் ஒளியில் படிப்பார்கள்.